பனிச்சைக் கல்லும் பொன்தோலும்

ஷிகோ ஊரில் தக்காளி போன்ற பனிச்சைப் பழத்தின் அறுவடை தொடங்கிய மூன்றாம் நாள், டாங் வான்லு ஒரு பந்தயத்துக்காக இருபத்தாறு பழங்களைத் தின்றார். அதுவும் காலை வெறும் வயிற்றில், தோலோடு. பழுத்துக் குழைந்த பழமென்றால் பரவாயில்லை. சீவிக் கயிற்றில் கோத்துக் காயப்போடுவதற்காகப் பறித்த செங்காய்கள் அவை. ஒன்றைக் கடித்தாலே துவர்ப்பில் நாக்கு மரத்துத் தடித்துப்போகும்.

"அண்ணே, உங்க வயசுக்கு இனிமே கஞ்சிதான். பல்லு இருக்கிறவன் கிட்ட விட்டுருங்க" என்று கிளப்பிவிட்டவன் ஹௌ சான். ஊரில் இரண்டு பேருக்குள் சண்டை மூட்டிவிட்டு ஓரமாக உட்கார்ந்து பூசணி விதை கொறிப்பவன்.

"டேய், நீ அம்மாகிட்ட பால் குடிச்ச காலத்துல நான் ஒரு பன்னித் தொடைய ஒத்த ஆளா முடிச்சவன்டா. எண்ணு" என்றார் வான்லு. ஐம்பது வயதிலும் மலை போன்ற உடம்பு. இருபத்தாறாவது பழத்துக்கு மேலே ஒரு கோப்பைச் சோளச் சாராயத்தையும் ஊற்றிக்கொண்டு, தோற்றால் ஹௌ சான் மூன்று நாள் பழம் சீவித் தரவேண்டும் என்ற பந்தயத்தில் ஜெயித்து, நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்குப் போனார்.

மறுநாள் மழை பிடித்தது. அதற்கு மறுநாள் அவருக்கு வயிற்று வலி பிடித்தது.

ஊர் வைத்தியச்சி ஹுய் யாஜி தன் செங்கல் கட்டிலில் அவரைப் படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். தொப்புளுக்கு மேலே, இடது விலாவை ஒட்டி, கைக்குள் அடங்காத ஒரு கட்டி. அழுத்தினால் நழுவி ஓடியது. யாஜிக்கு நாற்பத்திரண்டு வயது. பத்தொன்பதில் ஆறு மாதப் பயிற்சிக்குப் போய்வந்த நாளிலிருந்து இந்த மலைச்சரிவில் பிரசவம், பாம்புக்கடி, காய்ச்சல் எல்லாம் அவள் கைதான். இந்தக் கட்டியை அவள் இதற்கு முன் இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். பனிச்சை விளையும் ஊரில் அது புதிதல்ல. துவர்ப்பும் நாரும் வயிற்றுப் புளிப்பில் இறுகி உருண்டையாகிக் கல்லாகிவிடும்.

"வான்லு அண்ணே, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுத்துப் பாத்திடணும்."

"எதுக்கு? என் மூஞ்சி அழகாத்தான் இருக்கு."

"வயித்துக்குள்ள படம்."

"ரோடு எங்க இருக்கு, டாக்டரம்மா? நீயே சொல்லு."

அது உண்மைதான். மஞ்சள் மண் மலையை விடாத மழை ஊறவைத்து, பாதையின் பாதியை ஓடைக்குள் தள்ளிவிட்டிருந்தது. ஓடையின் தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கிராம அலுவலகத்துத் தொலைபேசியின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தால் காற்றுச் சத்தம்தான் வந்தது.

வான்லுவின் மனைவி ருன்லியான் வாசலில் நின்றாள். யாஜியும் அவளும் ஒரே வருடத்தில் இந்த ஊருக்கு மருமகள்களாக வந்தவர்கள். யாஜியின் கணவன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை, மாதத்துக்கு ஒருமுறைதான் வருவான். மற்ற நாளெல்லாம் மாவு பிசைவதும் ஊர்க்கதை பேசுவதும் இந்த இருவரும்தான்.

"எங்க மூத்தவனுக்கு அப்ப குடுத்தியே, கோழித்தோல் பொடி. மூணு நாள்ல சரியாப் போச்சே. அதக் குடேன்டி" என்றாள் ருன்லியான்.

"அது சோறு செரிக்காம கெடந்த புள்ளைக்கு. இது கல்லு."

"கல்லத் தின்னு செரிக்கிறதுதானே கோழி?"

யாஜி சிரித்துவிட்டாள். ஆனால் விஷயம் அதுதான். கோழி பொறுக்கித் தின்னும் மணலையும் சரளையையும் அரைக்கும் இரைப்பைக்குள், சுருக்கம் சுருக்கமாக ஒட்டியிருக்கும் மஞ்சள் தோல். அந்தத் தோலுக்கு அந்த நாட்டு வைத்தியத்தில் 'கோழிக்குள் பொன்' என்று பெயர். வயிற்றில் தங்கிப்போனதைக் கரைக்க அதற்கு மிஞ்சியது இல்லை என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் சொன்னார்கள். கல்லுக்கும் கொடுப்பதுண்டு. முந்தைய இரண்டு பேரில் ஒருவருக்குக் கேட்டது. இன்னொருவர் டவுனுக்குப் போய்விட்டார்.

அவள் அலமாரியைத் திறந்தாள். பெட்டியில் நான்கே தோல்கள் காய்ந்து கிடந்தன.

"நாலு பத்தாது, ருன்லியான்."

"எங்கிட்ட கோழி இருக்கு" என்றாள் ருன்லியான், கொஞ்சமும் யோசிக்காமல்.

அவளிடம் இருந்தவை எல்லாம் முட்டையிடும் கோழிகள். தவிட்டுக்குப் பதிலாகச் சோளத்தையே போட்டு வளர்த்தவை. அன்று சாயங்காலம் இரண்டை அறுத்தாள். உடம்புச் சூடு ஆறுமுன் இரைப்பையைப் பிளந்து உள்தோலை உரிக்க வேண்டும், ஆறிவிட்டால் கிழிந்துபோகும். யாஜி பக்கத்தில் உட்கார்ந்து நகத்தால் நெம்பி முழுசாக உரித்தெடுத்தாள். மழையில் காயாது என்பதால் அடுப்புக்கு மேலே தட்டில் பரப்பினாள். பிறகு இரும்புச் சட்டியில் மணலைக் காய்ச்சி அதில் போட்டுப் புரட்டினாள். தோல் பொரிந்து உப்பியது. தீய்ந்த இறகு நாற்றம் தெரு முழுக்கப் பரவியது. இடித்து, சலித்து, சின்னத் தராசில் நிறுத்து, கொஞ்சம் சமையல் சோடாவோடு பொட்டலம் கட்டினாள். வேளைக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு முன், வெந்நீரில்.

"தூ! கோழி மூத்திரம் மாதிரி இருக்கு" என்றார் வான்லு.

"குடிச்சிருக்கீங்களோ?" என்றாள் யாஜி.

ஐந்து நாள் கொடுத்தாள். ருன்லியான் ஏழு கோழிகளை அறுத்து முடித்தாள். கோழிக்குடாப்பில் சேவல் மட்டும் மிஞ்சியது. தினமும் காலையும் மாலையும் யாஜி போய் அமுக்கிப் பார்ப்பாள். முதல் இரண்டு நாள் மாற்றமில்லை. மூன்றாம் நாள் கட்டியின் ஓரம் கூர்மை குறைந்தது போல இருந்தது. அது தன் ஆசையா, உண்மையா என்று அவளுக்கே தெரியவில்லை. ஐந்தாம் நாள் காலை கையை வைத்தாள். கட்டி இல்லை. திரும்பவும் தேடினாள். விலா ஓரம், நடுவயிறு எங்கும் இல்லை. வயிறு மாவு போல மெத்தென்று இருந்தது.

"போயிடுச்சு" என்றாள். அவள் குரலே அவளுக்கு அந்நியமாகக் கேட்டது.

வான்லு எழுந்து உட்கார்ந்தார். "வலியும் போயிடுச்சு! நேத்து ராவுல இருந்தே இல்ல. சொன்னா மறுபடி வந்திடுமோன்னு வாய மூடிக்கிட்டிருந்தேன்." அன்று மத்தியானம் மூன்று கிண்ணம் நூடுல்ஸ் தின்றார். மிளகாய் எண்ணெய் மிதக்க மிதக்க. சாயங்காலம் கிராம அலுவலகத்துக்கு நடந்தே போய், ஒலிபெருக்கியைப் போடச் சொல்லி, மழையில் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த ஊர் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார்: "எல்லாரும் கேளுங்க! டவுன் டாக்டரு கத்தியெடுத்து அறுக்கவேண்டிய கல்ல, நம்ம யாஜி கோழித்தோல வச்சுக் கரைச்சிட்டா! ஹௌ சான், நீயும் கேளு! மூணு நாள் பழம் சீவணும், மறந்துடாத!"

தன் வீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்ட யாஜிக்குக் காது மடல் சூடாகியது. இருபத்து மூன்று வருடத்தில் அவளைப்பற்றி ஒலிபெருக்கியில் யாரும் எதுவும் சொன்னதில்லை. தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவர்களை அவள் திட்டியதுதான் அதில் வந்திருக்கிறது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ருன்லியான் வந்தாள். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, கால்வரை சேறு.

"அவருக்கு மறுபடி வயித்த முறுக்குதாம்டி. வருது, போவுது, வருது, போவுது."

யாஜியின் வீட்டுக்குள் அப்போதே ஆறேழு பேர் இருந்தார்கள். மேட்டுத் தெருவிலிருந்து ஒருத்தி செரிக்காத குழந்தையைத் தூக்கி வந்திருந்தாள். ஒரு கிழவர் பத்து வருட ஏப்பத்துக்கு மருந்து கேட்டார். முட்டை, வேர்க்கடலை, புதுச் சோளமாவு என்று ஆளுக்கு ஒன்று கொண்டு வந்திருந்தார்கள். எல்லார் கண்ணும் அவள் மேல்.

"வாந்தி உண்டா?"

"ஒரு தடவ. நேத்து தின்ன நூடுல்ஸ்."

"மூணு கிண்ணம் தின்னா வராம என்ன பண்ணும்?" என்றாள் யாஜி. கூட்டம் சிரித்தது. "கல்லு கரைஞ்சு கீழ எறங்குது. வெளிய வரப்போவுது. கொஞ்சம் முறுக்கத்தான் செய்யும். பொறுத்துக்கச் சொல்லு. நான் இவங்கள அனுப்பிட்டு வாரேன்."

ருன்லியான் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனாள்.

வந்தவர்களை அனுப்பிவிட்டு யாஜி கிளம்பும்போது மத்தியானம் பன்னிரண்டாகிவிட்டது. அந்த ஐந்து மணி நேரத்தைப் பிற்பாடு அவள் எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்தாள். அந்தக் குழந்தைக்கு அவசரம் ஒன்றுமில்லை. ஏப்பக்காரக் கிழவருக்குப் பத்து வருடமாக இல்லாத அவசரம் அன்று மட்டும் எங்கிருந்து வரும்? பாராட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

மண்மலையைக் குடைந்து அமைத்த வான்லுவின் வீட்டு அறைக்குள் நுழைந்ததுமே வாடை தெரிந்தது. கட்டிலுக்குக் கீழே மண்சட்டியில் வாந்தி. பச்சை நிறம். வான்லு முழங்காலை மடித்து ஒருக்களித்துக் கிடந்தார். முகம் சாம்பல். வயிறு பறை போல ஊதியிருந்தது.

"வாம்மா, தங்கச்சி" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. "உன் கோழி உள்ள கிண்டுது."

"காத்துப் பிரிஞ்சுதா?"

"பொம்பளைங்க முன்னாடி கேக்கிற கேள்வியா இது?"

"அண்ணே, வெளையாடாதீங்க. பிரிஞ்சுதா இல்லையா?"

"நேத்து மத்தியானத்துலேர்ந்து இல்ல."

யாஜி ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்தாள். வலி வரும்போது உள்ளே தகரத்தில் தண்ணீர் சொட்டுவது போல் டிங், டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு நிசப்தம். மறுபடி டிங். குடல் முட்டி மோதுகிறது, வழி இல்லை. கல் கரையவில்லை. இரைப்பையிலிருந்து கீழே இறங்கி, சிறுகுடலின் ஏதோ ஒரு வளைவில் தக்கை போல அடைத்துக்கொண்டிருக்கிறது.

"அந்தப் பொன்பொடிய இன்னும் ரெண்டு பொட்டலம் போடு. பாதி வழி வந்தது மீதி வழி வராதா?" என்றார் வான்லு.

ருன்லியான் அதற்குள் வெந்நீரை ஊற்றி, எஞ்சியிருந்த பொட்டலத்தைப் பிரித்துவிட்டாள்.

யாஜி அந்தக் கிண்ணத்தைப் பிடுங்கிச் சாம்பல் குழியில் கொட்டினாள்.

"என்னடி பண்ற!" ருன்லியான் கத்தினாள். "ஏழு கோழிடி அது!"

"இனிமே வாய் வழியா ஒண்ணும் போகக் கூடாது. தண்ணிகூட. கல்லு குடல்ல அடைச்சிருக்கு. இது என் மருந்துல ஆகாது. டவுனுக்குப் போயாகணும். இப்பவே."

"நேத்து கரைஞ்சிடுச்சுன்னு சொன்னியே!"

"தப்பாச் சொல்லிட்டேன்."

வாசலில் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த அக்கம்பக்கத்தார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வான்லு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு முனகினார்: "நேத்துதானே ஊருக்கெல்லாம் சொன்னேன்... அவசரப்பட்டுட்டேன் போல."

பாதை இல்லை, பாலத்துக்கு மேல் வெள்ளம் என்று ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். மழை நிற்கட்டும் என்றார் ஒருவர். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம் என்றார் இன்னொருவர். அப்போது கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஹௌ சான் உள்ளே வந்தான். வான்லுவின் முகத்தைப் பார்த்தான். அவன் கையில் பூசணி விதை இல்லை.

"கதவக் கழட்டுங்கடா" என்றான்.

வாசல் கதவையே கழற்றினார்கள். அதன்மேல் மெத்தையைப் போட்டு, வான்லுவைக் கிடத்தி, மூன்று இடத்தில் கயிற்றால் கட்டினார்கள். யாஜி அவர் கையில் ஊசி ஏற்றி உப்புநீர்ப் புட்டியை மாட்டினாள். அவளிடம் இருந்ததே இரண்டு புட்டிகள்தான். ருன்லியான் புட்டியைத் தூக்கிப் பிடித்தாள். எட்டு ஆண்கள் கதவைத் தோளில் ஏற்றினார்கள்.

சரிந்த பாதையை விட்டுவிட்டு, ஆடு இறங்கும் தடத்தில் இறங்கினார்கள். மஞ்சள் மண் வெண்ணெய் போல வழுக்கியது. முன்னால் நால்வர் உட்கார்ந்தபடியே நகர்ந்தார்கள், பின்னால் நால்வர் கயிற்றைப் பிடித்துத் தொங்கினார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் வான்லுவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, கன்று ஈனும் மாடு போல. பாதி வழியில் அவர் கெஞ்ச ஆரம்பித்தார்.

"ஒரு வாய் தண்ணி. ருன்லியான், ஒரே ஒரு வாய். நாக்கு ஒட்டிக்கிச்சு."

ருன்லியான் யாஜியைப் பார்த்தாள். யாஜி தலையை அசைத்து மறுத்தாள். மழை அவர் உதட்டில் விழுந்தது. அதை அவர் நக்கிக்கொண்டார். அதை யாராலும் தடுக்க முடியவில்லை.

ஓடையைப் பார்த்ததும் எல்லாரும் நின்றுவிட்டார்கள். தண்ணீர் சேற்றுக் குழம்பாகச் சுழித்துப் போனது. தரைப்பாலம் எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை. ஹௌ சான் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தனியாக இறங்கினான். தண்ணீர் தொடைக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. ஒரு தடவை ஆளைக் காணோம். கயிறு விறைத்தது. பிறகு அக்கரைப் பக்கம் தலை தெரிந்தது. அங்கிருந்த நெட்டிலிங்க மரத்தில் கயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டுக் கத்தினான்: "பாலம் கெடக்கு! நடுவுல ஒரு கல்லு மட்டும் இல்ல! தாண்டிக் கால வையுங்க! நான் ரோட்டுக்கு ஓடறேன், நெலக்கரி லாரி வரும்!"

இறங்கினார்கள். கதவு தலைக்கு மேல். யாஜி பக்கவாட்டில், ஒரு கை கயிற்றில், ஒரு கை வான்லுவின் மணிக்கட்டில். நாடி நூல் போல ஓடியது. நூற்றிருபதுக்குக் குறையாது. ருன்லியான் புட்டியை உயர்த்திப் பிடித்தபடி மறுபக்கம் நடந்தாள். நீச்சல் தெரியாதவள். நெஞ்சளவுத் தண்ணீரில் அவள் கை மட்டும் நடுங்காமல் நின்றது.

நடுவில், கல் இல்லாத இடத்தில், முன்னால் போனவர்களில் ஒருவன் காலைத் தவறவிட்டான். கதவு சாய்ந்தது. வான்லுவின் தலைப்பக்கம் தண்ணீருக்குள் போனது.

"தூக்குங்க! தூக்குங்கய்யா!"

யாஜி கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அவர் தலையை ஏந்தினாள். வெள்ளம் அவள் காலை வாரியது. யாரோ பின்னாலிருந்து அவள் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினார்கள். தவறியவன் எழுந்து தோளைக் கொடுத்தான். கதவு நிமிர்ந்தது. வான்லு இருமினார், துப்பினார், பிறகு ஈனக் குரலில் சொன்னார்: "தண்ணி குடிக்கக் கூடாதுன்னு சொன்னியே, டாக்டரம்மா... குடிச்சிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. அக்கரை ஏறியபிறகுதான் ஒருவன் சிரித்தான், அதுவும் அழுகை போல இருந்தது.

ஹௌ சான் நடுரோட்டில் படுத்து ஒரு நிலக்கரி லாரியை நிறுத்தி வைத்திருந்தான். டிரைவர் அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டார். நிலக்கரிக்கு மேல் கதவு, கதவுக்கு மேல் வான்லு, எல்லாருக்கும் மேல் தார்ப்பாய். முப்பது கிலோமீட்டர். இரண்டாவது புட்டி பாதி ஆனபோது டவுன் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன.

வழியில் ருன்லியான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "பொழைப்பாரா?"

"தெரியல" என்றாள் யாஜி.

அறுவை சிகிச்சை முடிய இரண்டரை மணி நேரம் ஆனது. சர்ஜன் ஒல்லியான மனிதர், கண்ணாடிக்குப் பின்னால் சிவந்த கண்கள். வெளியே வந்து, "ஊர்ல வைத்தியம் பாத்தது யாரு?" என்றார். கரிப்புழுதியும் சேறுமாக நின்ற யாஜி முன்னால் போனாள். அவளைத் தனியாக உள்ளே அழைத்து, எனாமல் தட்டு ஒன்றைக் காட்டினார்.

கோழிமுட்டை அளவுக்கு ஒரு உருண்டை. கறுத்த பச்சை. மூன்று பக்கம் வழவழவென்று இருந்தது. நாலாவது பக்கம் உடைந்த செங்கல் போலச் சொரசொரப்பாக, தட்டையாக.

"ஆளு பொழைச்சுக்குவாரு" என்றார் சர்ஜன். "குடல் கறுக்க ஆரம்பிச்சிருந்துது. வெந்நீர்த் துணி போட்டு வச்சிருந்தோம், மறுபடி நெறம் வந்துடுச்சு. இன்னும் ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்திருந்தா ஒரு முழம் வெட்டியெறிஞ்சிருப்பேன். என்ன மருந்து குடுத்தீங்க?"

யாஜி எதையும் ஒளிக்கவில்லை. பொன்தோல், சோடா, வேளைக்கு எவ்வளவு, எத்தனை நாள், கட்டி எப்போது காணாமல் போனது, காலை ஏழு மணிக்கு ஆள் வந்தது, பன்னிரண்டு மணிக்குத் தான் போனது எல்லாவற்றையும் சொன்னாள்.

சர்ஜன் இடுக்கியால் அந்த உருண்டையைத் திருப்பினார். "இந்தப் பக்கம் பாருங்க. பெரிய கல்லு உடைஞ்சு ரெண்டாயிருக்கு. இன்னொரு பாதி தூளாப் போயிருக்கணும். முழுசா இருந்திருந்தா இரைப்பைய விட்டு இறங்கியிருக்காது. அங்கயே கெடந்திருக்கும். அவசரமில்லாம எடுத்திருக்கலாம்."

"அப்ப, என் மருந்துதான்..."

"இருக்கலாம். தானாவும் உடைஞ்சிருக்கலாம். அந்தச் சோடாவா இருக்கலாம். நான் எப்படிச் சொல்ல முடியும்?" அவர் தட்டை மூடினார். "இங்கயும் சில பேர் இந்தப் பொடியக் குடுக்கிறாங்க. படம் எடுத்து, ஆள இங்கயே படுக்க வச்சு, பாத்துக்கிட்டே குடுக்கிறாங்க. உங்களுக்கு ரோடு இல்ல. ஒண்ணு சொல்றேன், அந்த ஸ்டெதஸ்கோப் வச்சுப் பாத்த உடனே கெளம்பினீங்களே, அதான் ஆளக் காப்பாத்துச்சு."

வராந்தாவில் ருன்லியான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். யார் கொடுத்ததோ, கையில் ஒரு ஆவியில் வெந்த ரொட்டி. கடிக்காமல் பிடித்திருந்தாள். நல்ல சேதியைக் கேட்டதும் ரொட்டியை மடியில் வைத்துவிட்டு யாஜியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். சர்ஜன் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. அவர் சொன்னதைக் கேட்டவளும் யாஜி மட்டும்தான். ஆனால் யாஜி சொல்லிவிட்டாள்.

"ருன்லியான், நான் குடுத்த மருந்துல கல்லு ரெண்டா உடைஞ்சிருக்கலாமாம். உடைஞ்சதாலதான் கீழ வந்து அடைச்சிருக்கு. நிச்சயமாத் தெரியல. ஆனா இருக்கலாம்."

ருன்லியான் கைகளை விடவில்லை.

"மருந்து குடுன்னு கேட்டது நான்தான்" என்றாள். "அதுக்கு உன்னக் குத்தம் சொல்ல மாட்டேன்." பிறகு கைகளை எடுத்துக்கொண்டாள். "காலைல ஏழு மணிக்கு வந்தேனே. மூணு கிண்ணம் தின்னா வராம என்ன பண்ணும்னு சொல்லி எல்லாரையும் சிரிக்க வச்சியே. அவங்களோட சேந்து நானும் சிரிச்சேன்டி. சிரிச்சுட்டு வீட்டுக்குப் போனேன்."

ருன்லியான் எழுந்து பெஞ்சின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்தாள்.

மழை விட்டு, பாதையை வெட்டித் திறந்து, மூன்று வாரம் கழித்து வான்லு ஊருக்கு வந்தார். இளைத்திருந்தார், ஆனால் வாய் இளைக்கவில்லை. தினமும் சாயங்காலம் அவர் வீட்டு முற்றத்தில் ஆட்கள் கூடினார்கள். தழும்பைக் காட்டிக் கதை சொன்னார். கதையில் கல் ஒவ்வொரு நாளும் பெரிதானது, யாஜியின் மருந்தும் பெரிதானது. "அவ பொடி அத ரெண்டா ஒடச்சுதாம்டா! ஒடைக்கலேன்னா நான் செத்தேன்!" என்று தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் யாரோ ஏதோ சொன்னதை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். யாஜியின் வாசலில் பொடி கேட்டு வருபவர்கள் கூடினார்கள். பக்கத்து ஊரிலிருந்து ஒருவன் தன் தகப்பனுக்கு வயிற்றில் கட்டி என்று பையில் நான்கு கோழி இரைப்பைகளோடு வந்து நின்றான்.

ருன்லியான் அவளோடு பேசுவதில்லை. கிணற்றடியில் எதிர்ப்பட்டால் வாளியைப் பார்த்துக்கொண்டு போய்விடுவாள்.

அந்தப் பக்கத்து ஊர்க்காரனிடம், "அப்பாவ மொதல்ல டவுனுக்குக் கூட்டிட்டுப் போய்ப் படம் எடு" என்று சொல்லி அனுப்பிவிட்டு, யாஜி நேரே வான்லுவின் முற்றத்துக்குப் போனாள். பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து பழம் சீவிக்கொண்டிருந்தார்கள். ஹௌ சானும் இருந்தான், பந்தயக் கடனைக் கழித்தபடி. சமையலறை வாசலில் ருன்லியான்.

"வாம்மா, கோழித் தேவதையே! உக்காரு!" என்றார் வான்லு.

யாஜி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள், டவுனில் ருன்லியானிடம் சொன்னதை, சர்ஜன் சொன்ன இரண்டு மணி நேரக் கணக்கையும் அந்த ஐந்து மணி நேரத்தையும் சேர்த்து. கத்திகள் நின்றுபோயின.

வான்லுவின் முகத்தில் விளையாட்டுப் போய்விட்டிருந்தது. அது இல்லாமல் அந்த முகம் யாருக்கும் பழக்கமில்லை. கை தானாகப் போய் வயிற்றைத் தொட்டது.

"ரெண்டு மணி நேரம்னா சொன்னாரு அந்த டாக்டரு?"

"ஆமா. அதுக்கப்புறம் வந்திருந்தா குடல வெட்டியிருப்பாராம்."

"நீ அஞ்சு மணி நேரம் உக்காந்திருந்த."

"ஆமா, அண்ணே."

"இத நீ சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"அப்புறம் எதுக்கு வந்து சொல்ற? நான் பாட்டுக்கு உன் பேர ஊரெல்லாம் பரப்பிக்கிட்டிருக்கேன்."

"அதுக்குத்தான். உங்க பேச்சக் கேட்டுட்டு, அப்பன் வயித்துல கட்டின்னு ஒருத்தன் இன்னிக்கு என் வாசலுக்கு வந்துட்டான். இன்னொருத்தன் வருவான். அவனுக்கு எட்டுப் பேரும் ஒரு கதவும் கெடைக்காது."

காற்றில் தொங்கிய பழச்சரங்கள் லேசாக ஆடின. வான்லு தரையில் கிடந்த ஒரு பழத்தோலை எடுத்து விரலில் சுற்றினார், அவிழ்த்தார். கோபம் வந்தது, அது கழுத்து நரம்பில் தெரிந்தது.

"உன்மேல எனக்குக் கோவம்தான், தங்கச்சி" என்றார் கடைசியில். "இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். எத்தன நாளைக்கு இருக்கும்னு தெரியல." பிறகு ஆட்களைப் பார்த்து உறுமினார். "காதுல விழுந்துச்சா எல்லாருக்கும்? வயித்துல கட்டின்னா மொதல்ல டவுன். நேத்து வரைக்கும் நான் சொன்னதெல்லாம் தப்பு. போய்ச் சொல்லுங்க. எதுக்குடா என்னப் பாக்கிறீங்க, சீவுங்க!"

கத்திகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. யாஜி திரும்பி நடந்தாள். வாசலைத் தாண்டியபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ருன்லியான், ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். யாஜியின் முகத்தைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"தையல்ல ஒரு ஓரம் ஈரமாவே இருக்கு. ரெண்டு நாளாச் செவந்து கெடக்கு. அவரு சொல்ல மாட்டேங்கறாரு."

"சீழ் வருதா?"

"கொஞ்சமா."

"இங்கயே நில்லு. பையை எடுத்துட்டு இப்பவே வாரேன்" என்றாள் யாஜி, கிட்டத்தட்ட ஓடிக்கொண்டே.